கொடுக்கப்படாத விருது

2025 பிப்ரவரி கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். கமலா ஹாரிஸ் மேடையேறி ஒரு விருது வாங்குகிறார், அரங்கம் கைதட்டுகிறது. கீழே சித்தப்பாவின் குறிப்பு: “நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்திக்கு அமெரிக்காவுல விருது!” தேர்தலில் தோற்று நாலு மாசம்கூட ஆகவில்லை. தோற்றவருக்கு எதற்கு விருது என்று குழுவில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

அம்மா மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள். “என்ன விருதுடி அது? ஆஸ்காரா?”

“இல்லம்மா. இமேஜ் விருதுன்னு ஒண்ணு.”

“இமேஜா? நம்ம ஹீரோவுங்களுக்கு இமேஜ் கெட்டுடும்னு சொல்வாங்களே, அந்த இமேஜா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதுதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது. கெட்டுவிடும் என்ற பயத்தோடு கட்டிக் காப்பாற்ற வேண்டிய ஒன்றுக்குத்தான் நம்மூரில் இமேஜ் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு மக்கள் கூட்டம் தன் விருதுக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்ததும் கிட்டத்தட்ட அதே பயத்தில்தான்.

விருதைக் கொடுப்பது என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு. விரித்தால், நிறமுடைய மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். 1909-ல் தொடங்கப்பட்டது. டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் அதை நிறுவியவர்களில் ஒருவர். கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்கு எதிராகவும், பள்ளிகளில் நிறப் பிரிவினைக்கு எதிராகவும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்புக்குச் சினிமா விருது எதற்கு? கால் மணி நேரம் படித்துவிட்டு அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு தகவல் என்னை நிறுத்திவிட்டது. 1990-ல் இமேஜ் விருதுகளில் சிறந்த நடிகைக்கான விருது யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பணம் இல்லாமல் அல்ல, விழா ரத்தாகியும் அல்ல. போட்டிக்கு நிறுத்தும் அளவுக்குப் போதுமான கதாநாயகி வேடங்கள் இல்லை என்பதால்.

அந்தக் காலி இடத்தைப் புரிந்துகொள்ள ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஓரத்து மேசை

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஓட்டலின் கோகனட் குரோவ் அரங்கில் 12-ஆவது ஆஸ்கார் விழா. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் மாமி என்ற அடிமைப் பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், சிறந்த துணை நடிகை விருதுக்கான பட்டியலில் இருக்கிறார். பிரச்சினை என்னவென்றால், அந்த ஓட்டலில் கறுப்பர்களுக்கு இடமில்லை. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். உள்ளேயும் படக்குழுவோடு உட்காரவில்லை. சுவரோரமாக ஒரு சின்ன மேசை. அவரும், உடன் வந்த துணைவரும், அவருடைய முகவரும்.

விருதை அவர்தான் வென்றார். ஆஸ்கார் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். அந்த மேசையிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்து வந்து, தன் இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவளாக எப்போதும் இருக்க விரும்புவதாகப் பேசிவிட்டு, அதே மேசைக்குத் திரும்பிப் போனார்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, 1939 டிசம்பரில், அட்லாண்டாவில் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்தது. ஜார்ஜியாவின் நிறப் பிரிவினைச் சட்டங்களால் மெக்டேனியல் அங்கே போகவே முடியவில்லை. ஆனால் அதையொட்டிய கொண்டாட்டம் ஒன்றில் பாடுவதற்கு ஒரு கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழுவை அழைத்திருந்தார்கள். தோட்டத்து அடிமைகளைப் போல உடை உடுத்திப் பாடினார்கள். பாடிய சிறுவர்களில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மார்ட்டின் லூதர் கிங். அவனுடைய அப்பா பாதிரியாராக இருந்த தேவாலயத்தின் குழு அது.

நடிகைக்கு வாசல் மூடியிருந்தது, அடிமை வேடத்துக்குத் திறந்திருந்தது. இமேஜ் என்ற சொல்லுக்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஆளின் உருவத்தை மட்டும் தன் விருப்பப்படி வெட்டித் தைத்து வைத்துக்கொள்வது.

நீலக் கண்களுடைய கறுப்பர்

சினிமாவோடு என்.ஏ.ஏ.சி.பி.க்கு இருந்த பகை 1915-லேயே தொடங்கிவிட்டது. டி.டபிள்யூ. கிரிஃபித்தின் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ வந்த வருடம். கறுப்பர்களைக் காமுகர்களாகவும் கூ கிளக்ஸ் கிளான் கும்பலைக் காவலர்களாகவும் காட்டிய படம். அதிபர் உட்ரோ வில்சன் காலத்து வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. செத்துக்கிடந்த கிளான் அமைப்பு அதே வருடம் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் மறுபடி உயிர்பெற்றது. படத்தைத் தடை செய்யச் சொல்லி என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராகப் போராடியது. திரையில் காட்டப்படும் உருவம் தெருவில் ஆளைக் கொல்லும் என்பது அவர்களுக்குத் தத்துவம் அல்ல, கண்ணெதிரே பார்த்த பாடம்.

அந்தப் பாடத்தோடு 1942-ல் ஹாலிவுட்டுக்குப் போனவர் வால்டர் வைட். அப்போது அமைப்பின் தலைமைச் செயலாளர். வெளிர்த் தோல், நீலக் கண்கள். பார்த்தால் வெள்ளைக்காரர் என்றே நினைப்பார்கள். அந்தத் தோற்றத்தைப் பயன்படுத்தித்தான் தென்மாநிலங்களில் கும்பல் கொலை நடந்த ஊர்களுக்குள் வெள்ளையரைப் போல நுழைந்து, கொன்றவர்கள் வாயாலேயே நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்தவர். உயிரைப் பணயம் வைத்த வேலை. அவரும், 1940 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற வெண்டல் வில்கியும் சேர்ந்து ஸ்டுடியோ முதலாளிகளைச் சந்தித்தார்கள். கோரிக்கை எளிமையானது: கறுப்பர்களை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டாதீர்கள். சாதாரண மனிதர்களாகவும் காட்டுங்கள்.

இதில் தப்பு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலைக்காரி வேடங்களில் நடித்துச் சோறு தின்றுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மெக்டேனியல் உள்ளிட்ட கறுப்பின நடிகர்கள் கொதித்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர், எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் பிழைப்பைப் பற்றி முதலாளிகளிடம் பேசுவதா? வைட் உயர்த்திப் பிடித்த முகமோ லீனா ஹார்ன். அழகான, வெளிர் நிறப் பாடகி. எம்.ஜி.எம். அவரை 1942-ல் ஒப்பந்தம் செய்தது. ஆனால் அவருடைய பாடல் காட்சிகள் பலவற்றைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள். தென்மாநிலத் தியேட்டர்களில் வெட்டி எறிய வசதியாக இருக்க வேண்டுமே!

அதாவது, கௌரவமான பிம்பத்தை வெட்டிவிடலாம். வேலைக்காரியை வெட்ட முடியாது, அவள் இல்லாமல் கதையில் அடுப்பு எரியாது. இரண்டு பெண்களையும் ஒரே கத்திரிதான் நறுக்கியது. ஆனால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது: இனத்துக்குப் பெருமை சேர்ப்பவள், இனத்தின் மானத்தை வாங்குபவள்.

மெக்டேனியலின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சண்டை போட்டவர். மகள் லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் பெரிய வீடு வாங்கினார். அந்தத் தெருவில் கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை இருப்பதாகச் சொல்லி வெள்ளை அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். மெக்டேனியலும் மற்ற கறுப்பினக் குடும்பங்களும் எதிர்த்து வாதாடி 1945-ல் ஜெயித்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் லோரன் மில்லர், என்.ஏ.ஏ.சி.பி.யோடு சேர்ந்து வேலை செய்த வழக்கறிஞர். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அங்கே வாதாடியவர்களிலும் மில்லர் இருந்தார். திரையில் எசமானியின் வீட்டைக் காத்த மாமி, வெளியே தன் வீட்டைக் காத்தார். அந்தக் காட்சியைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

1967

முதல் இமேஜ் விருது விழா 1967-ல் பெவர்லி ஹில்டன் ஓட்டலில் நடந்தது. அதை நடத்தியது தேசியத் தலைமையகம் அல்ல, என்.ஏ.ஏ.சி.பி.யின் பெவர்லி ஹில்ஸ்–ஹாலிவுட் கிளை. சினிமா நடக்கும் ஊரிலேயே, சினிமாக்காரர்களே தொடங்கிய விழா. 34 பேர் செத்த வாட்ஸ் எழுச்சி நடந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. வாட்ஸும் ஹாலிவுட்டும் ஒரே நகரம்தான்.

பார்வைக்கு அந்த வருடம் கறுப்பின நடிப்புக்குப் பொற்காலம் போலத் தெரியும். சிட்னி பொய்ட்டியருக்கு ஒரே வருடத்தில் மூன்று வெற்றிப் படங்கள். 1964-லேயே சிறந்த நடிகருக்கான ஆஸ்காரை வாங்கிவிட்டவர் அவர். ஆனால் உற்றுப் பார்த்தால் அவர் ஒருவர்தான் இருக்கிறார். ஒருவரைத் தோளில் தூக்கிக் காட்டினால் மீதிப் பேர் வெளியே நிற்பது கண்ணில் படாது.

நடிகை நிஷெல் நிக்கல்ஸ் சொன்ன கதை ஒன்று உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் விண்கலத்தின் அதிகாரிகளில் ஒருவராக நடித்துக்கொண்டிருந்தார். முதல் பருவம் முடிந்ததும் விலகி, மேடை நாடகத்துக்குப் போய்விட நினைத்தார். அப்போது என்.ஏ.ஏ.சி.பி.யின் நிதி திரட்டும் விழா ஒன்றில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அங்கே நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். நீங்கள் விலகவே கூடாது என்றாராம். வேலைக்காரியாக இல்லாமல், வேலை தெரிந்த ஓர் அதிகாரியாக, சமமாக ஒரு கறுப்பினப் பெண்ணை உலகம் பார்க்கிறது, அந்த இடத்தைக் காலி செய்யாதீர்கள் என்று. நிக்கல்ஸ் விலகவில்லை.

இந்தக் கதையை முன்பே கேட்டிருக்கிறேன். அட்லாண்டாவில் அடிமை உடையில் பாடிய அந்தப் பத்து வயதுப் பையனை அறிந்த பிறகு அது வேறு கதையாகிவிட்டது. உருவத்தை யார் தைக்கிறார்கள் என்பதைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்தவர் அல்லவா அவர்!

காலி இடம்

இனி 1990-க்கு வரலாம்.

சிறந்த நடிகை விருதை நிறுத்தியது அப்போது முதல்முறை அல்ல. 1987-லும் நிறுத்தி, விமர்சனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1990-ல் நடந்தது நான்காவது முறை. அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவராக இருந்த சாண்ட்ரா எவர்ஸ்-மேன்லி காரணத்தை மறைக்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்கு யதார்த்தமான முதன்மை வேடங்களைத் திரைத்துறை இன்னும் தரவில்லை என்றார்.

முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆஸ்கார் கொடுக்கும் அகாதெமி ஒருபோதும் இப்படிச் செய்யாது. “இந்த வருடம் எங்கள் துறை ஒரு கறுப்பினப் பெண்ணுக்கும் உருப்படியான வேடம் எழுதவில்லை” என்று மேடையில் ஒப்புக்கொள்ளும் விழா எங்கே இருக்கிறது? விருது என்பது புகழ்மாலை மட்டுமல்ல, கணக்குப் புத்தகமும்தான் என்று தோன்றியது. வரவே இல்லாத பக்கத்தை வெறுமையாக விட்டு, அதை ஊருக்கே திறந்து காட்டியிருக்கிறார்கள்.

பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“சரி. அந்த வருஷம் நடிச்ச பொண்ணுங்க யாருமே இல்லையா?”

“இருப்பாங்க. பெரிய வேஷமா இருந்திருக்காது.”

“அப்போ அவங்களுக்கு ரெண்டு பக்கமும் இல்லைன்னு ஆயிடுச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். என் மயிர்க்கூச்சு அடங்கிவிட்டது.

ஆமாம், அகாதெமியும் தராது. தன் வீட்டு விருதும், நல்ல வேடம் இல்லை என்று சொல்லித் தராது. வேடத்தை எழுதியவர்களோ வெள்ளை ஆண்கள். குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை வாங்குபவள் இன்னொருத்தி. 1942-ல் வால்டர் வைட் மெக்டேனியலுக்குச் செய்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. சின்ன வேடத்தில் உயிரைக் கொட்டுவதுதான் அதிகக் கடினம். மாமி வேடத்தில் மெக்டேனியல் செய்தது அதைத்தான். அடிமைப் பெண்ணுக்கு எழுதிய வசனத்தைப் பேசிக்கொண்டே, எசமானர்களை எடைபோடும் கண்களை அதற்குள் வைத்தார்.

மெக்டேனியலுக்குப் பிறகு நடிப்புக்காக ஆஸ்கார் வாங்கிய அடுத்த கறுப்பினப் பெண் வூப்பி கோல்ட்பெர்க். ‘கோஸ்ட்’ படத்துக்காக, 1991-ல். நடுவில் 51 வருடம். அதுவும் துணை நடிகைக்கான விருதுதான். சிறந்த நடிகை விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் போக 2002-ல் ஹாலி பெரி வரவேண்டியிருந்தது. அந்தக் காலி இடம் சொன்ன கணக்கு பொய்யில்லை. அதற்கான விலையை யார் தலையில் எழுதினார்கள் என்பதில்தான் பிழை.

எழுத்துக்கு ஒரு நியாயம்

இமேஜ் விருதுகள் சினிமா, தொலைக்காட்சி, இசை ஆகியவற்றோடு இலக்கியத்துக்கும் தரப்படுகின்றன. நாவல், கவிதை, வாழ்க்கை வரலாறு, சிறார் நூல் எனப் பல பிரிவுகள். கவிஞர் நிக்கி ஜியோவானி ஏழு முறை வாங்கியிருக்கிறார். நடிகர்களும் பாடகர்களும் கவிஞர்களும் ஒரே விழாவில் விருது வாங்குகிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

எழுத்தைப் பொறுத்தவரை இந்த அமைப்புக்கு இன்னும் பழைய மரபு உண்டு. 1915 முதல் வழங்கப்படும் ஸ்பிங்கார்ன் பதக்கம். 1941-ல் அதைப் பெற்றவர் ரிச்சர்ட் ரைட். அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய ‘நேட்டிவ் சன்’ நாவல் வந்திருந்தது. நாயகன் பிக்கர் தாமஸ் ஒரு கொலைகாரன். வெள்ளைச் சமூகம் கறுப்பின ஆணைப் பற்றி என்னவெல்லாம் பயந்ததோ அதையெல்லாம் நடுவில் தூக்கி வைத்துவிட்டு, இவனை உருவாக்கியது நீங்கள்தான் என்று சொல்லும் நாவல். இமேஜ் கணக்குப்படி பார்த்தால் அதைவிட மோசமான பிம்பம் இருக்க முடியாது. ஆனாலும் பதக்கம் கொடுத்தார்கள். எழுத்தில் ஒருவன் கெட்டவனாகவும் முழு மனிதனாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை அந்த அமைப்பு அறிந்துதான் இருந்தது. அடுத்த வருடமே ஹாலிவுட்டில் நடிகர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ரைட் தன் பாத்திரத்தைத் தானே எழுதினார். மெக்டேனியலுக்கு அடுத்தவர்கள் எழுதினார்கள். எழுதும் கை யாருடையது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

அப்படித் தானே எழுதியவர்களுக்கும் வெளியே கதவு எளிதாகத் திறக்கவில்லை. 1987 டிசம்பரில் ஜேம்ஸ் பால்ட்வின் இறந்தார். தேசியப் புத்தக விருதும் புலிட்சரும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. டோனி மாரிசனின் ‘பிலவட்’ அந்த வருடம் தேசியப் புத்தக விருதைப் பெறாமல் போயிருந்தது. 1988 ஜனவரியில் 48 கறுப்பின எழுத்தாளர்கள் நியூயார்க் டைம்ஸின் புத்தகப் பகுதியில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாயா ஏஞ்சலோ, அமிரி பராக்கா, ஆலிஸ் வாக்கர் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பால்ட்வினுக்கு நடந்தது மாரிசனுக்கும் நடக்கக் கூடாது என்பதுதான் சாரம். விருதுக்காகக் கூட்டம் கூட்டுகிறார்கள் என்று ஏளனமும் எழுந்தது. அந்த வருடமே ‘பிலவட்’ புலிட்சர் வாங்கியது. 1993-ல் மாரிசனுக்கு நோபல்.

அந்த ஏளனம் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நல்ல எழுத்து தானே மேலே வரும், விருது கேட்பது அசிங்கம் என்பார்கள். தேர்வுக்குழு நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் இலக்கியத்தில் அரசியல் நுழைந்துவிடும். நாற்காலிகள் மாறாமலே இருந்தவரை அது இலக்கியம்!

சொந்த வீட்டுச் சண்டைகள்

இமேஜைக் காப்பவர்களுக்கு நிம்மதி கிடையாது. 1985-ல் ஆலிஸ் வாக்கரின் ‘த கலர் பர்ப்பிள்’ நாவலை ஸ்பீல்பெர்க் படமாக்கினார். கறுப்பின ஆண்களைக் கொடியவர்களாகவே காட்டுகிறது என்று எதிர்ப்பு வெடித்தது. என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளையும் அதில் சேர்ந்துகொண்டது. பிறகு படம் 11 ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று, ஒன்றைக்கூட வெல்லாமல் திரும்பியபோது அதே கிளை அகாதெமியைக் கண்டித்தது. கேலி செய்ய வசதியான முரண்தான். எனக்குக் கேலி வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளையை நாமே திட்டுவோம், பக்கத்து வீட்டுக்காரர் கை ஓங்கினால் விடமாட்டோம். ஆனால் இந்தச் சண்டையில் வீட்டுக்குள் அடிவாங்கிய பெண்ணின் கதையை எழுதிய வாக்கரின் குரல்தான் கடைசியில் கேட்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

2003 விழாவுக்கு ரோசா பார்க்ஸ் வர மறுத்தார். 1955-ல் மாண்ட்கோமரி பேருந்தில் எழ மறுத்த அதே பார்க்ஸ். ‘பார்பர்ஷாப்’ படத்தில் செட்ரிக் த என்டர்டெய்னர் நடித்த பாத்திரம் அவரைக் கிண்டல் செய்திருந்தது. படம் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, விழாவைத் தொகுத்து வழங்கியவரும் செட்ரிக்தான். அடுத்த வருடம், சிறுமி தொடர்பான குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் எதிர்கொண்டிருந்த ஆர். கெல்லியின் இசைத்தொகுப்பு பரிந்துரைக்கப்பட்டது. வேலைக்காரி வேடத்தில் நடித்தவரிடம் கறாராக இருந்த மரபு, ஒரு பிரபலமான ஆணிடம் எவ்வளவு நெகிழ்ந்து கொடுத்தது என்று பாருங்கள். இதை மூடி மறைத்துவிட்டு இந்த விருதைப் பாராட்டினால் அதுவும் ஒரு இமேஜ் வேலையாகத்தான் முடியும்.

அடுத்தவர் மேடை, தன் மேடை

கணக்குப் புத்தகத்தைச் சரியான ஆளிடம் நீட்டிய சந்தர்ப்பமும் இருக்கிறது. 1999 ஜூலையில் அமைப்பின் தலைவர் குவெய்சி எம்ஃபூமே ஒரு எண்ணைச் சொன்னார். ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் ஆகிய நான்கு பெரிய தொலைக்காட்சிகளும் அந்தப் பருவத்துக்கு அறிவித்த புதிய தொடர்கள் 26. அவற்றில் முதன்மை வேடத்தில் வெள்ளையரல்லாத ஒருவர்கூட இல்லை. புறக்கணிப்புப் போராட்டம் வரும் என்று எச்சரித்தார். 2000-ன் தொடக்கத்தில் நான்கு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த முறை எந்த நடிகையின் விருதும் நிறுத்தப்படவில்லை. எழுதுபவனிடமும் காசு போடுபவனிடமும் நேராகப் போய்க் கேட்டார்கள்.

2015, 2016 என இரண்டு வருடமும் நடிப்புக்கான ஆஸ்கார் பரிந்துரைகள் இருபதும் வெள்ளையர்களுக்கே போனது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஏப்ரல் ரெய்ன் தொடங்கிய ‘ஆஸ்கார்ஸ் ஸோ வைட்’ ஹேஷ்டேக்கை நாமும் பகிர்ந்திருப்போம். 2016-ல் ‘கிரீட்’ படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் பரிந்துரை ஸ்டாலோனுக்கு. ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ படத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை அதன் வெள்ளைத் திரைக்கதை ஆசிரியர்களுக்கு. அந்த வருட இமேஜ் விருதுகளில் ‘கிரீட்’ படத்தின் நாயகன் மைக்கேல் பி. ஜோர்டன் சிறந்த நடிகர், ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ சிறந்த படம். 1990-ல் இல்லாத விருதால் சொன்னதை 2016-ல் கொடுத்த விருதால் சொன்னார்கள். இரண்டாவதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஏமாற்றப்பட்டவருக்குச் சேர வேண்டியதை முதலில் கையில் கொடு. பிறகு ஏமாற்றியவரோடு சண்டை போடு.

பட்டயம்

மெக்டேனியல் 1952-ல் இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. கறுப்பர் என்பதால் அங்கேயும் இடமில்லை என்றார்கள். தன் ஆஸ்காரை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். வாஷிங்டனில் உள்ள, கறுப்பின மாணவர்களுக்கென வரலாற்றுப் பெருமை கொண்ட பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் துணை நடிகர்களுக்குச் சிலை கிடையாது, சின்னப் பட்டயம்தான். அறுபதுகளின் கடைசியிலோ எழுபதுகளின் தொடக்கத்திலோ அது காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 1 அன்று அகாதெமி புதிதாக ஒரு பட்டயம் செய்து, அதே பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்லூரிக்குக் கொடுத்தது. அந்தக் கல்லூரிக்கு இப்போது ‘பிளாக் பாந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மனின் பெயர்.

இதையெல்லாம் படித்து முடித்த இரவில் சித்தப்பா அனுப்பிய வீடியோவை மறுபடி பார்த்தேன். கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தவர், 1986-ல் பட்டம் பெற்றவர். அவர் அந்த வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது மெக்டேனியலின் பட்டயம் அங்கே இல்லை. அது இருந்த இடம் மட்டும் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “அந்த இமேஜ் விருது என்னன்னு கேட்டியே...” என்று ஆரம்பித்து, ஓரத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அந்த மாமி நடிச்ச படம் எங்க பார்க்கலாம்?” என்றாள். “கதை எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். நான் அந்தம்மாவை மட்டும் பார்க்கிறேன்.”